மூட்டையைத் தூக்கினால் வேலை, சுமந்து நடந்தால்?

கூத்தாநல்லூரில் காலை நேரத்தில் லெட்சுமாங்குடிப் பாலத்தருகே கொஞ்ச நேரம் நின்றாலே போதும், ‘வேலை’ என்ற சொல் பத்துத் தரமாவது காதில் விழும். “பஸ்ஸக் காணோமே, வேலைக்கு நேரமாச்சு” என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். “மோட்டார் வேலை செய்யல, மெக்கானிக்கைக் கூப்பிடணும்” என்று இன்னொருவர் போனில் சொல்வார். டீக்கடையில் டம்ளர் உடைந்து கிடந்தால், “யாரு பாத்த வேலைடா இது?” என்று குரல் வரும். காய்ச்சலுக்குத் தந்த மாத்திரை வேலை செய்யும். மரக்கதவில் பூவும் கொடியும் செதுக்கியிருந்தால் அது வேலைப்பாடு. எதற்கும் உதவாத யோசனை என்றால் ‘வேலைக்கு ஆகாது’. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவருக்கு ஒரே பதில்: “உன் வேலையைப் பார்!”

கூத்தாநல்லூரில் இன்னொரு பொருளும் உண்டு. இந்த ஊரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று கடல் கடந்து போன குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே “பெரிய பையன் வேலைக்குப் போயிட்டான்” என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர் அடுத்து கேட்பது “எந்த நாட்டுக்கு?” என்பதுதான்.

‘வேலை வெட்டி’ என்று சேர்த்துச் சொல்கிறோமே, அந்த ‘வெட்டி’ எங்கிருந்து வந்தது தெரியுமா? சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றால் ஊருக்காகவும் அரசுக்காகவும் கூலி இல்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. குளம் வெட்டவும் வாய்க்கால் பார்க்கவும் ஆட்கள் போயாக வேண்டும். அன்றைக்கு முதுகு ஒடிய உழைத்தவரைக் குறித்த சொல், இன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருப்பவரைக் குறிக்கிறது. சொற்களுக்கும் தலையெழுத்து உண்டு போலிருக்கிறது.

இத்தனை பொருள் இருந்தும் நாம் யாரும் குழம்புவதில்லை. குழப்பம் வருவது அறிவியல் வகுப்பில்தான். அங்கே வேலைக்கு ஒரே ஒரு பொருள். ஒரு பொருளின் மேல் விசை செலுத்த வேண்டும். அந்த விசையின் திசையில் பொருள் நகரவும் வேண்டும். விசையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வருவது வேலை. நகரவில்லை என்றால், நீங்கள் எவ்வளவுதான் முக்கினாலும் வேலை பூஜ்யம்.

இந்தப் பொருளைத் தந்தவர் கஸ்பார் குஸ்தாவ் கொரியோலி என்ற பிரெஞ்சுக்காரர். 1829இல் இயந்திரங்களைக் கணக்கிடுவது பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில் நீராவி இயந்திரங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. எந்த இயந்திரம் எவ்வளவு சுமையை எவ்வளவு உயரம் தூக்கும் என்று ஒப்பிட ஓர் அளவு தேவைப்பட்டது. அதற்குப் புதிதாக ஒரு சொல்லை அவர் உருவாக்கவில்லை. தெருவில் எல்லோரும் பேசும் ‘வேலை’ என்ற சொல்லையே எடுத்து, அதன் பொருளை இறுக்கிக் கட்டிவிட்டார். பின்னால் தமிழில் பாடப்புத்தகம் எழுதியவர்களும் அதே வழியில் போய், நம் தெருவிலிருந்து ‘வேலை’யை எடுத்துக்கொண்டார்கள்.

வேலையை அளக்கும் அலகு ஜூல். சுமார் 100 கிராம் எடையுள்ள ஒரு வெங்காயத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குங்கள். நீங்கள் செய்தது ஒரு ஜூல் வேலை. அவ்வளவுதான், சின்ன அலகு.

இப்போது பெரிய சுமைக்கு வருவோம். அறுவடைக் காலத்தில் டெல்டா ஊர்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நெல்லைத் தூற்றி, ஈரப்பதம் பார்த்து, எடை போட்டு, சாக்கில் பிடித்துத் தைப்பார்கள். ஒரு சாக்கில் 40 கிலோ. சுமை தூக்கும் தொழிலாளி அதைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றுகிறார்; சுமார் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். 40 கிலோவைப் பூமி கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 400 நியூட்டன். அதை ஒன்றரையால் பெருக்கினால் 600 ஜூல். இந்த 600ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நமக்கு அதுதான் படிக்கல்.

அடுத்து அவர் அந்தச் சாக்கோடு லாரி வரைக்கும் ஐம்பது அடி நடக்கிறார். சமதரை. இப்போது எவ்வளவு வேலை?

பாடப்புத்தகம் சொல்லும் விடை: பூஜ்யம். சாக்கைத் தாங்க அவர் தரும் விசை மேல்நோக்கி இருக்கிறது. சாக்கு நகர்வதோ பக்கவாட்டில். இரண்டும் செங்குத்து. விசையின் திசையில் சாக்கு ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

இதை எட்டாவது படிக்கும் ஒரு பெண் தன் அப்பாயியிடம் வாசித்துக் காட்டினால் என்ன நடக்கும்?

“அப்பாயி, நீ களத்துக்குக் கட்டுச் சுமந்தேன், கட்டுச் சுமந்தேன்னு சொல்லுவியே, அது வேலையே இல்லையாம்!”

“யாருடி சொன்னா?”

“புத்தகத்துல போட்டுருக்கு. தூக்குறதுதான் வேலையாம். தூக்கிட்டு நடக்குறது வேலையில்லையாம்.”

“அப்படியா? அந்தப் புத்தகம் எழுதுனவர ஒரு நாளு வரச் சொல்லு. ஈரக் கதிர்க்கட்டைத் தலையில தூக்கிவச்சு வரப்புல நடக்க வுடுவோம். களத்துக்கு வந்து சேந்தப்புறம் அது வேலையா இல்லையான்னு அவரே சொல்லட்டும்.”

அப்பாயி சொல்வதில் தப்பில்லை. புத்தகத்திலும் தப்பில்லை. புத்தகம் கேட்பது, “கதிர்க்கட்டுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைத்தது?” என்பது. அப்பாயி சொல்வது, “என் உடம்பிலிருந்து எவ்வளவு ஆற்றல் போனது” என்பது. கணக்குகள் இரண்டும் வேறு.

சுமையைச் சும்மா தாங்கி நிற்பதற்கே உடம்பு ஏன் களைக்கிறது? ஒரு மேசை 40 கிலோ சாக்கை ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதற்குச் சோறு வேண்டாம். நம் தசை அப்படி இல்லை. தசைக்குள் ஆக்டின், மையோசின் என்று இரண்டு வகை நுண்ணிழைகள் இருக்கின்றன. மையோசின் இழையில் குட்டிக் குட்டித் தலைகள் உண்டு. அவை ஆக்டினைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு முறை விட்டுப் பிடிக்கவும் ஏடிபி என்ற வேதிப்பொருள் செலவாகிறது. வெளியே பார்த்தால் கை ஆடாமல் அசையாமல் இருக்கும். உள்ளேயோ கோடானுகோடித் தலைகள் மாறி மாறி இழுத்துக்கொண்டிருக்கும். அந்த ஆற்றல் சாக்குக்குப் போவதில்லை, வெப்பமாகப் போகிறது. அதனால்தான் நின்ற இடத்திலேயே வியர்க்கிறது.

இந்தச் செலவே இல்லாத தசை உலகத்தில் இல்லாமல் இல்லை. நம் பக்கத்துக் கடலோரச் சேற்றில் கிடைக்கும் மட்டியையோ சிப்பியையோ வெறுங்கையால் திறந்து பாருங்கள், லேசில் திறக்காது. ஓட்டை மூடிப் பிடித்திருக்கும் அதன் தசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒருமுறை இறுகிவிட்டால் ஏறக்குறைய ஆற்றலே செலவழிக்காமல் மணிக்கணக்கில் அப்படியே பூட்டிக்கொள்ளும். மனிதனுக்கு அந்தத் தசை வாய்த்திருந்தால் பஸ்ஸில் நின்றுகொண்டு போவது இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நடக்கும்போது இன்னொரு செலவும் சேர்கிறது. ஒவ்வோர் எட்டிலும் நம் உடம்பு சில சென்டிமீட்டர் மேலே எழும்பிக் கீழே இறங்குகிறது. தலையில் சுமை இருந்தால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். ஆகவே சமதரையில் சுமந்து நடப்பதிலும் கொஞ்சம் ‘அறிவியல் வேலை’ ஒளிந்திருக்கிறது. பாடப்புத்தகம் கணக்கை எளிதாக்க அதை விட்டுவிடுகிறது. இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. கென்யா நாட்டில் லுவோ, கிகுயு இனப் பெண்கள் பெரிய பெரிய சுமைகளைச் சுமப்பார்கள். அவர்கள் சுமையோடு நடக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று விஞ்ஞானிகள் அளந்தார்கள். 1986இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த முடிவு இது: தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையுள்ள சுமையோடு நடந்தாலும் அவர்களுக்குக் கூடுதல் ஆற்றல் செலவே ஆகவில்லை! அவர்களுடைய நடையில்தான் சூட்சுமம். உடம்பு ஏறும்போது சேர்த்த ஆற்றலை, ஊசல்குண்டைப் போல, இறங்கும்போது முன்னோக்கிய வேகமாக மாற்றிக்கொள்கிறார்கள்; வீணாவது குறைவு. சின்ன வயதிலிருந்தே சுமந்து பழகியவர்களுக்கு வரும் நடை அது. நம்மூரில் புடவைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, கையை வீசிக்கொண்டு, வரப்பில் வரிசையாகக் கட்டுச் சுமந்து போகும் பெண்களின் நடையைக் கவனித்துப் பாருங்கள்.

ஆனால் சுமை கூடிவிட்டால் எந்த நடையும் காப்பாற்றாது. டெல்டா விவசாயிகள் விளைச்சலைச் சொல்லும்போது ஒரு மூட்டை என்றால் பெரும்பாலும் 60 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் தந்த பரிந்துரையின்படி, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கிச் சுமக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது. 40 கிலோ சாக்குதான் நல்லது என்பது என் கட்சி.

இனி நடவுக்குப் போவோம். எனக்குப் பிடித்த கணக்கு இதுதான்.

தஞ்சாவூர்ச் சீமையில் நிலத்தை ஏக்கரில் மட்டும் அளப்பதில்லை. குழி, மா, வேலி என்றும் அளப்பார்கள். 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, 1,338 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர் என்று நட்டால் ஒரு சதுர மீட்டரில் 50 குத்து வரும். அப்படியானால் ஒரு மாவுக்கு சுமார் 67 ஆயிரம் குத்து. ஐந்தாறு பெண்கள் சேர்ந்தால் ஒரு நாளில் முடிக்கும் நடவு.

ஒரு குத்து நடுவதை நெருங்கிப் பார்ப்போம். இடது கையில் நாற்று முடி. வலது கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றை விரலால் பிரிக்கிறது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் வேரைச் சேர்த்துப் பிடித்து, சேற்றில் மூன்று நான்கு சென்டிமீட்டர் அழுத்தி ஊன்றி, வெளியே வருகின்றன. நன்றாக உழுது பரம்படித்த சேறு வெண்ணெய் மாதிரி இளகி இருக்கும். விரலுக்கு வேண்டிய விசை ஒன்றிரண்டு நியூட்டன்தான். பெருக்கிப் பார்த்தால் ஒரு குத்துக்கு ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. போகட்டும், தாராளமாகப் பத்தில் ஒன்று என்றே வைப்போம். 67 ஆயிரம் குத்துக்கு 6,700 ஜூல்.

நம் படிக்கல் 600. 6,700ஐ 600ஆல் வகுத்தால் பதினொன்று.

அதாவது ஐந்தாறு பெண்கள் காலையிலிருந்து குனிந்த இடுப்பு நிமிராமல், வெயிலில், கணுக்கால் சேற்றில் நின்று நட்ட நடவு முழுவதும், நாற்றின் கணக்கில் பார்த்தால், பதினோரு நெல் சாக்கைத் தலைக்குத் தூக்கியதற்குத்தான் சமம்! அந்தப் பதினோரு சாக்கைத் தூக்க ஒரு தொழிலாளிக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பின்னால் வைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது இதில் இல்லை. நாற்று முடியை எட்டி எடுப்பதும் இதில் இல்லை. எல்லாவற்றையும்விட, குனிந்தே இருப்பது இதில் இல்லை. குனிந்து நிற்கும்போது உடம்பின் மேல்பாதி கீழே விழாமல் முதுகுத் தசைகள்தான் கயிறு கட்டியதுபோல் இழுத்துப் பிடிக்கின்றன. நகர்வு இல்லை, ஆகவே வேலை பூஜ்யம். ஆனால் நட்டுவிட்டுக் கரையேறியதும் எல்லோரும் முதலில் கையை வைப்பது இடுப்பில்தானே? அந்த வலி முழுக்கப் பூஜ்ய வேலையில் வந்த வலி.

ஆகவே ஜூலை வைத்துக் கூலி பேசினால் பெரிய அநியாயமாகிவிடும். நல்ல வேளையாக யாரும் அப்படிப் பேசுவதில்லை. வயலில் அலகு ‘ஆள்’. “இந்த நிலத்துக்குக் களை எடுக்க நாலு ஆள் வேலை இருக்கு” என்றால், நான்கு பேர் ஒரு நாள் செய்வது அல்லது இரண்டு பேர் இரண்டு நாள் செய்வது. ஏர் மாடு இருந்த காலத்தில் உழவுக்கு ‘ஏர்’ அலகு. எந்த ஆய்வுக்கூடமும் நிர்ணயிக்காத அலகுகள். ஆனாலும் வரப்பில் நின்று பேசும் இரண்டு பேருக்கும் சட்டென்று புரியும்.

மண்வேலைக்கு மட்டும் கொஞ்சம் அறிவியல் கலந்த கணக்கு இருக்கிறது. கோடையில் வாய்க்கால்களைத் தூர் வாரும்போது நீர்வளத் துறைப் பொறியாளர்கள் ‘லீடு’, ‘லிஃப்டு’ என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். வெட்டிய மண்ணை எவ்வளவு உயரம் ஏற்றிக் கொட்டுகிறோம் என்பது லிஃப்டு. எவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பது லீடு. இரண்டும் கூடக்கூட மதிப்பீட்டுத் தொகையும் கூடும். கவனித்தீர்களா? பாடப்புத்தகம் பூஜ்யம் போட்ட அந்தப் பக்கவாட்டு நடைக்குப் பொறியாளர் காசு போடுகிறார். அப்பாயி பக்கம் சாட்சி சொல்ல ஓர் அரசாங்கத் துறையே இருக்கிறது!

‘ஆள்’, ‘ஏர்’ போலவே உருவான ஓர் அலகு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதுதான் குதிரைத்திறன். பம்புசெட்டில் ‘5 எச்.பி.’ என்று எழுதியிருக்கிறதே, அது. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வாட் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராவி இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் அதுவரை செக்கு மாடு மாதிரி குதிரைகளைச் சுற்றவைத்து ஆலை ஓட்டியவர்கள். “உன் இயந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்?” என்பதுதான் அவர்கள் கேள்வி. வாட் குதிரை செய்யும் வேலையைக் கணக்கிட்டு ஓர் எண் சொன்னார். இன்றைய அலகில் அது வினாடிக்கு 746 ஜூல். வினாடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட், அவர் பெயரேதான். எவ்வளவு வேலை என்பது ஒன்று, அதை எவ்வளவு வேகமாகச் செய்தோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் ‘திறன்’ என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் அதையே ‘வலு’ என்று படிக்கிறார்கள். ‘வேலை’ மட்டும் இரண்டு கரையிலும் வேலைதான்.

ஒரு மனிதர் நாள் முழுக்கத் தாக்குப்பிடித்துச் செய்யக்கூடிய திறன் சுமார் 75 வாட், அதாவது குதிரையில் பத்தில் ஒரு பங்கு. எட்டு மணி நேரம் விடாமல் உழைத்தால் சுமார் 21 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு மின்மீட்டரில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். நல்ல பலசாலி ஒருவர் காலையிலிருந்து மாலை வரை உழைத்தது வெறும் 0.6 யூனிட்! தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை மனிதக் கையால் செய்ய வேண்டுமானால் கிட்டத்தட்ட மூன்று ஆட்கள் இரண்டு மாதமும் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வந்தாக வேண்டும். இனி ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் யாரோ மூச்சிரைக்க நிற்பதாக நினைத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள்.

மாவரைக்கவும் தண்ணீர் இறைக்கவும் மின்சாரம் வந்துவிட்டது. அறுவடைக்கு, ஈர நிலத்திலும் புதையாமல் ஓட, டயருக்குப் பதில் பட்டை போட்ட பெல்ட் மிஷின் வந்துவிட்டது. அதன் தொட்டியில் ஊற்றும் ஒரு லிட்டர் டீசலுக்குள் சுமார் மூன்றரைக் கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகவும் புகையாகவும் போய்விடும், வேலையாக மாறுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே சில ஆட்களின் ஒரு நாள் உழைப்புக்குச் சமம்.

நம் தசையும் இயந்திரம்தான். அதிலும் வீணாவது உண்டு. தின்ற சோற்றிலிருந்து வரும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் அதிகபட்சமாக வேலையாகும். மீதி வெப்பம். வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று அளந்து காட்டியவர் இங்கிலாந்தில் பீர் ஆலைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். 1840களில் அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. ஓர் எடைக்கல்லைக் கயிற்றில் கட்டிக் கீழே இறங்கவிட்டார். கயிறு ஒரு துடுப்பைச் சுழற்றியது. துடுப்பு பாத்திரத்துத் தண்ணீரைக் கலக்கியது. தண்ணீர் துளியூண்டு சூடாகியது! ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரே ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4,200 ஜூல் தேவை. நம் கணக்கில் ஏழு சாக்கு. அப்படியானால் டீக்கடைக்காரர் ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க எத்தனை சாக்கு தூக்க வேண்டும்? ஏறத்தாழ 490. நல்ல காலம், அடுப்பு இருக்கிறது.

இத்தனை வேலைக்காரர்களில் பெரியவரை இன்னும் சொல்லவில்லை. கூத்தாநல்லூர் வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? குடகு மலையில் தலைக்காவேரியில் பிறந்த காவிரி, மேட்டூர் அணையில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகி வருகிறது. மேட்டூரிலிருந்து இங்கு வரை எந்த மோட்டாரும் இறைக்கவில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பூமி இழுக்கிறது, தண்ணீர் வருகிறது. வாய்க்காலில் மடையைத் திறந்தால் போதும். சரி, அந்தத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றியது யார்? தலைக்காவேரி கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்க 12 ஆயிரம் ஜூல் வேண்டும், இருபது சாக்கு. ஒரு லிட்டருக்கே இருபது! ஒரு மா நெல்லுக்கு ஒரு போகத்தில் பல லட்சம் லிட்டர் தேவை. அத்தனையையும் அரபிக்கடலிலிருந்து ஆவியாக்கித் தூக்கி, தென்மேற்குக் காற்றில் ஏற்றி, மலைமேல் கொட்டவைப்பது சூரியன். பழைய இலக்கியத்தில் ‘வேலை’ என்ற சொல்லுக்குக் ‘கடல்’ என்றும் ஒரு பொருள் உண்டு. இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

இனி உங்கள் முறை. மூட்டை எல்லாம் தூக்கிப் பார்க்க வேண்டாம். உங்கள் எடை 35 கிலோ, புத்தகப்பை 5 கிலோ என்றால், நீங்களே ஒரு 40 கிலோ சாக்குதான். பள்ளி மாடிப்படியில் ஒரு படியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, படிகளை எண்ணிப் பெருக்குங்கள். 15 சென்டிமீட்டர் படி 20 இருந்தால் 3 மீட்டர். நானூறை மூன்றால் பெருக்கினால் 1,200 ஜூல். நடந்து ஏறினாலும் விரைந்து ஏறினாலும் வேலை இதேதான். 12 வினாடியில் ஏறினால் திறன் 100 வாட், 6 வினாடியில் ஏறினால் 200 வாட். ஏறும்போது ஒரு நண்பர் கடிகாரம் பார்க்கட்டும். இறங்கும்போது மட்டும் யாரும் ஓடக்கூடாது. வந்த விடையை 746ஆல் வகுத்தால் நீங்கள் எத்தனை குதிரை என்று தெரிந்துவிடும். விடையோடு உங்கள் வகுப்பு, படிகளின் எண்ணிக்கை, ஏறிய நேரம் மூன்றையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். அரைக் குதிரையைத் தாண்டியவர்கள் கணக்கை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு அனுப்பவும்.